விருந்தாளி வாத்தியார்

வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்குக் கேரள அரசாங்கம் சூட்டியிருக்கும் பெயர் 'அதிதி தொழிலாளி'. அழகான பெயர்தான். ஆனால் விருந்தாளிக்கு இலை போடுவதுதான் ஊர் வழக்கம். தலையில் மூட்டையை ஏற்றி வைப்பதை நாம் எங்கும் கண்டதில்லை. சாலைக் கம்போளத்தில் விடியுமுன் லாரி அடியில் நிற்கும் நம்மவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

அதே விருந்தாளிப் பட்டம் இன்னொரு கூட்டத்துக்கும் கிடைத்திருக்கிறது. அவர்கள் எம்.எஸ்ஸி. வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள். கல்லூரியில் நிரந்தர இடம் காலியாகக் கிடக்கும். அதை நிரப்பாமல் ஜூன் மாதம் நேர்காணல் வைத்து ஒருவரை அழைப்பார்கள். மார்ச் மாதம் அனுப்பிவிடுவார்கள். இங்கே இவர்களுக்குப் பெயர் கெஸ்ட் லெக்சரர். தமிழ்நாட்டில் 'கௌரவ விரிவுரையாளர்'. சம்பளத்தில் இல்லாத கௌரவம் பெயரிலாவது இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

கூலிக்காரர் பத்திரிகையில் காலேஜ் வாத்தியார் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பெண்ணின் கதை என்பதால்தான் எழுதுகிறோம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் சுமை தூக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் மனோதத்துவத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, நெட் தேர்விலும் தேறி, ஒரு கல்லூரியில் முதுகலை வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். கல்லூரியின் பெயர் இங்கு வேண்டாம். எல்லா இடத்திலும் நடப்பதுதான். சென்ற ஏப்ரலில் அவள் வீட்டில் இருப்பதைப் பார்த்துத் தகப்பனார் கேட்டாராம்: "பள்ளிக்கூடத்தைப் பூட்டினா சம்பளத்தையும் சேத்துப் பூட்டிருவாங்களா மக்களே?" அவள் தலையாட்டினாளாம். "எங்க கார்டு வேலையில கூட இப்படிக் கிடையாதே" என்று அவர் சொன்னதை நம் அலுவலகத்தில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்ட நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது முழு உண்மை. 1978-ல் கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. எளிதில் வந்துவிடவில்லை; யூனியன்கள் போராடி வாங்கிய சட்டம். அதன்படி கார்டு பெற்றவருக்குச் சேமநிதி உண்டு, கேட்டுக் கேள்விக்கு ஒரு போர்டு உண்டு. நம்மவர் எல்லோருக்கும் அந்தக் கார்டு கிடைத்ததா என்பது வேறு வழக்கு. அதைப் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் கார்டு உள்ள தகப்பனுக்கு இருக்கும் பாதுகாப்பு, பதினேழு ஆண்டு படித்த மகளுக்கு இல்லை என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அவள் செய்யும் வேலை என்ன என்பதையும் நம் தாய்மார்கள் அறிய வேண்டும். வாரத்தில் இத்தனை மணி நேரம் வகுப்பில் பேசிவிட்டு வருவதல்ல முதுகலைப் பாடம். புள்ளியியல் சொல்லித்தர வேண்டும். சோதனைக்கூடத்தில் மாணவர் எழுதும் ரிக்கார்டுகளை வரி வரியாகத் திருத்த வேண்டும். ஒவ்வொரு மாணவரும் எழுதும் ஆய்வுரைக்கு வழிகாட்ட வேண்டும். மனநோய் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள், அங்கே கண்டதைத் தாங்க முடியாமல் திரும்பி வந்து அழுதால், உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். ஒரு மணி வகுப்புக்கு முந்தின இரவு மூன்று மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். கூலி அந்த ஒரு மணிக்கு மட்டும்தான்.

இந்த உண்மையைக் கல்வித்துறை முன்பு ஒருவாறு ஒப்புக்கொண்டிருந்தது. முதுகலையில் ஒரு மணி எடுத்தால் அதை ஒன்றரை மணியாகக் கணக்கிடும் முறை கேரளத்தில் இருந்தது. நாடே ஊரடங்கில் கிடந்த 2020 ஏப்ரலில் அந்தச் சலுகையை நீக்கி, ஓர் இடத்துக்கு வாரம் 16 மணி வேலை இருந்தே ஆக வேண்டும் என்று அரசாணை வந்தது. வேலைக்குக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். மணியைச் சுருக்கிக் காட்டினால் நிரந்தர இடமும் சுருங்கும். நிரந்தர இடம் சுருங்கினால் விருந்தாளிகள் பெருகுவார்கள். கூலிக்காரனுக்குப் புரியாத கணக்கா இது? தூக்கிய மூட்டையைக் குறைத்து எண்ணும் மேஸ்திரியை நாம் பார்த்ததில்லையா?

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் ஒரு விதி செய்தது. விருந்தாளி ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தகுதி மட்டும் நிரந்தர ஆசிரியருக்கு உள்ள அதே தகுதி. நிரந்தர உதவிப் பேராசிரியர் வேலையில் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், பஞ்சப்படி தனி. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலோ 2023-ல் கூடக் கௌரவ விரிவுரையாளருக்குக் கிடைத்தது 20,000 ரூபாய்தான். ஐம்பதாயிரம் சின்னத் தொகையா என்று நம்மில் சிலர் கேட்பார்கள். முழு மாதமும் வகுப்பு கிடைத்தால் அல்லவா ஐம்பதாயிரம்? கேரளத்தில் நாட்கணக்கில் கூலி. வகுப்பு இல்லாத நாள் வெறும் நாள். அதுவும் கையில் வந்து சேர மாதங்கள் ஆகின்றன என்ற புகார் வருடந்தோறும் கேட்கிறது.

இதில் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் பகலில் ஜவுளிக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்துகொண்டு தபால் வழியில் மனோதத்துவம் படித்தார்கள். 2025 ஆகஸ்டில் மானியக் குழு அந்தக் கதவை மூடிவிட்டது. 2021-ம் ஆண்டின் சுகாதாரத் தொழிலர் சட்டத்தைக் காட்டி, மனோதத்துவத்தைத் தபால் வழியிலும் இணைய வழியிலும் புதிதாகச் சேர்த்து நடத்தக் கூடாது என்றார்கள். நோயாளி முன் உட்காரப் போகிறவர் நேரில் பயில வேண்டும் என்பது நியாயமே. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் நேரில் பயிற்றுவிக்க வேண்டியவரை மார்ச் மாதத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் யாரிடம் போய்ப் பயில்வது? ஜூனில் ஆய்வுரையைத் தொடங்கி வைத்தவர் அடுத்த ஜூனில் அதே கல்லூரியில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

பாதிப்பு வகுப்பறையோடு நிற்பதில்லை. நம் குழந்தை ஒன்று பள்ளியில் பின்தங்கினால் புத்தி அளக்கும் சோதனைக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவில் புழங்கும் பினே-காமத் சோதனை, கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கென்று வி. வி. காமத் அமைத்தது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் பிள்ளையிடம் அதை எந்தச் சொற்களில் கேட்பது, தெரியாத சொல்லால் வரும் தவறையும் உண்மையான குறையையும் எப்படிப் பிரித்தறிவது என்பது புத்தகத்தில் மட்டும் படித்து வருவதல்ல. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தும் ஆசிரியர் வேண்டும். அவர் இல்லையென்றால் நம் பிள்ளைக்கு 'மந்தம்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். 1870 முதல் இருக்கும் ஊளம்பாறை மனநல மருத்துவமனையில் ஒரு தமிழ்க் கிழவி சொல்வதைப் பொறுமையாகக் கேட்க ஆள் இருக்குமா என்பதும் இதைச் சேர்ந்ததே.

மேலிடத்துச் செய்தியும் நல்லதாக இல்லை. ஒப்பந்த ஆசிரியர் மொத்த இடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, அவர்களின் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்று 2018-ம் ஆண்டு விதி சொன்னது. 2025 ஜனவரியில் வந்த வரைவு அந்தப் பத்து சதவீத வரம்பைத் தூக்கிவிட்டது. வரைவை எதிர்த்துத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் கேரளச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டன, வரவேற்கிறோம். ஆனால் துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதற்கு எழுந்த ஓசையில் பாதிகூட இந்தக் கூலி வாத்தியார்களுக்காக எழவில்லை. எதிர்த்த அரசாங்கங்களின் கல்லூரிகளிலும் அவர்கள்தானே பாடம் எடுக்கிறார்கள்?

2025 ஆகஸ்டில் குஜராத் ஒப்பந்த ஆசிரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்பு அளித்தது. மாதம் 30,000 ரூபாய்க்கு உழைத்த பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு உதவிப் பேராசிரியரின் குறைந்தபட்சச் சம்பள விகிதம் தர வேண்டும் என்றது. குருவைத் தெய்வமென்று சுலோகம் சொன்னால் போதாது என்றும் கண்டித்தது. ஆனால் ஒவ்வொரு பெண்ணும் டில்லி வரை வழக்காட முடியாது. அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நிரந்தரம் இல்லாதவர்கள். அங்கே 2023 ஏப்ரலில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியரும் பகுதி நேர ஆசிரியரும் ஒன்றாக வெளியே வந்து ஐந்து நாள் வகுப்பை நிறுத்தினார்கள். பகுதி நேரத்தாருக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊதிய உயர்வு ஒப்பந்தமானது. பெரியவர் சின்னவருக்காக வெளியே வந்ததைக் கவனியுங்கள். நம்மூர் நிரந்தர ஆசிரியர் சங்கங்களின் காதில் இது விழட்டும் என்றே எழுதுகிறோம்.

இதே திருவனந்தபுரத்தில், மகாராஜா கல்லூரியில், தத்துவம் போதித்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1891-ல் 'மனோன்மணீயம்' தந்தவர். வேலை நிலைத்திருந்தது, எழுத நேரம் இருந்தது. நம் சுமைக்காரரின் மகளுக்கு ஜூன் மாதம் நேர்காணல்.

உங்கள் வீட்டிலும் விருந்தாளி வாத்தியார் இருந்தால், நியமனத் தாளின் நகலையும் கடைசியாகச் சம்பளம் வந்த தேதியையும் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்லூரிக் கல்வி இயக்குநருக்குத் தரப்போகும் மனுவில் அவற்றைச் சேர்க்கிறோம். பெயர் போட அஞ்சுகிறவர்கள் பெயரை மறைத்துத் தரலாம். தகப்பனார்களும் உடன் வரவும். கார்டு வாங்கிய கதையை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.