ஒரே மந்தையாய்ச் சேர்க்கும் சொல்



ஆலயத்தில் கூடும் சபையாரை ஆங்கிலத்தில் 'காங்கிரிகேஷன்' என்கிறோம். இத்தனை குடும்பங்கள், இத்தனை பேர் என்று கணக்குச் சொல்லவே அச்சொல்லைப் பெரும்பாலும் வழங்குகிறோம். ஆனால் அது எண்ணிக்கைக்காகப் பிறந்த சொல் அன்று. லத்தீன் மொழியில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. 'கான்' என்னும் முன்னொட்டுக்கு 'ஒன்றாக' என்று பொருள். சிதறியவற்றை ஒரே மந்தையாய்ச் சேர்த்தல் என்பதே அதன் வேர்ப்பொருள்.

இச்சொல்லின் பொருட்டு ஒரு காலத்தில் பெரும் போராட்டமே நடந்தது. 1526ஆம் ஆண்டு அச்சேறிய தமது ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் வில்லியம் டின்டேல், 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல்லை 'சர்ச்' என்னாமல் 'காங்கிரிகேஷன்' என்று பெயர்த்தார். 'சர்ச்' என்றால் மக்கள் கட்டடத்தையும் குருமாரையுமே நினைப்பார்கள். வேதம் குறிப்பதோ விசுவாசிகள் அனைவரையும் என்பது அவர் கருத்து. தாமஸ் மோர் இதைக் கடுமையாக மறுத்து எழுதினார். வேதப்புரட்டர் எனத் தீர்க்கப்பட்ட டின்டேல் 1536இல் கொல்லப்பட்டார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்புக்கு விதிக்கப்பட்ட நெறிமுறைகளுள், 'சர்ச்' என்பதைக் 'காங்கிரிகேஷன்' என்று மாற்றலாகாது என்பதும் ஒன்று.

இன்று இரு சொற்களையும் தயக்கமின்றிச் சொல்லுகிறோம். ஆனால் அதே 'கிரெக்ஸ்' என்னும் வேரிலிருந்து 'செக்ரிகேஷன்' என்ற சொல்லும் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மந்தையிலிருந்து பிரித்து ஒதுக்குதல் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த கொடுமைக்கு அதுவே பெயராயிற்று.

நம் வரலாறு இதற்கு விலக்கன்று. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூர் முதலிய இடங்களில் பலர் அதற்கு இணங்காமல் சபையை விட்டே விலகினார்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைகள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன.

"ஆராதனையில் ஒன்றாகத்தானே அமர்கிறோம், திருமணமும் அடக்கமும் சமூக வழக்கம், அதில் சபைக்கு என்ன?" என்று கேட்போர் உண்டு. கொரிந்து சபையாரும் ஒன்றாகத்தான் கூடினார்கள். ஆயினும் சிலர் முந்தி உண்டு நிறைந்திருக்க, இல்லாதவர் பசித்திருந்தனர். அப்படிக் கூடிவருதல் நன்மைக்கு அன்று, தீமைக்கே ஏதுவாகும் என்று பவுல் அப்போஸ்தலன் கண்டித்தார். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்களை மண்ணுக்குள் பிரித்துவைப்பதைப் பவுல் எந்தப் பெயரால் அழைத்திருப்பார்?

பிரியமானவர்களே, நம் வீட்டுத் திருமணப் பந்தியில் யார் யார் அமர்ந்தார்கள், யார் வீட்டுத் துக்கத்துக்கு நாம் போகாமல் இருந்தோம் என்று இந்த வாரம் தேவசமுகத்தில் ஆராய்ந்து பாருங்கள். விடுபட்ட ஒரு வீட்டின் வாசலை அடுத்த ஞாயிறுக்கு முன்னே மிதியுங்கள். நல்ல மேய்ப்பர்தாமே நம்மை ஒரே மந்தையாக்குவாராக. ஆமென்.