லேக் ஆவது தமிழா?

தமிழ் எழுத்தை வைத்து இணைய விளையாட்டு செய்தால் அது 'லேக்' ஆகும் என்றொரு பேச்சு நம் மாணவர்களிடையே உலவுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கோ 247; கொம்பு, கால், புள்ளி என்று ஒட்டிக்கொள்ளும் குறிகள் வேறு; இத்தனையையும் உலாவி எப்படித் தாங்கும் என்கிறார்கள். சொல்பவர்கள் கணினித் துறை மாணவர்கள் என்பதால் மற்றவர்களும் நம்பிவிடுகிறார்கள். கடைசியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விளையாட்டில் எழுத்து போய்ப் படம் வருகிறது, அல்லது ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ் வருகிறது. செய்யாத குற்றத்துக்குத் தமிழ் தண்டனை பெறுகிறது என்பது என் கருத்து.

அண்மையில் நம் இளையவர்கள் சிலர் உருவாக்கிய விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். உயிர்மெய் எழுத்துகள் மேலிருந்து மழைபோல் விழும்; பிள்ளை சரியான எழுத்தைத் தொட்டுச் சொல்லை நிரப்ப வேண்டும். நல்ல கற்பனை. பிரிக்பீல்ட்ஸ் அறையில், விலையுயர்ந்த மடிக்கணினியில், வழுக்கிக்கொண்டு ஓடியது. கிள்ளானில் ஒரு பிள்ளையின் கைப்பேசியில் போட்டபோது திக்கித் திக்கி நின்றது. எழுத்தை எடுத்துவிட்டுப் பழங்களின் படத்தை வைத்துப் பார்த்தார்கள். சரியாகிவிட்டது. "பார்த்தீங்களா அண்ணா, தமிழ்தான் காரணம்" என்றார்கள்.

நிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் அழகுக்காக ஓர் ஒளிவட்டம் வைத்திருந்தார்கள். கேன்வஸில் 'ஷேடோ பிளர்' என்ற ஒரே வரியில் வந்துவிடும் வேலை அது. வரி சிறியது, செலவு பெரியது. வரையும் ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு முறையும், நிழலைப் புதிதாக மங்கலாக்க வேண்டும். எழுத்தை நீக்கியபோது அந்த வரியும் சேர்ந்தே போய்விட்டது. எழுத்தைத் திரும்ப வைத்து, நிழலை மட்டும் நீக்கினோம். அதே கைப்பேசியில் தமிழ் மழை தடையில்லாமல் பெய்தது.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு ஒன்றின்மேல் பழி போடுவது நோய் நாடும் முறையன்று. முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அப்படியானால் ஒரு படத்தைக் கணக்கிட்டு வரைந்து முடிக்க நமக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 17 ஆனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். திரை அடுத்த புதுப்பித்தல்வரை காத்திருக்கும். பழைய படமே 33 மில்லி விநாடி நிற்கும். அரை மில்லி விநாடித் தாமதம் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரிவது இதனால்தான். மூலையில் ஓடும் சராசரி எண்ணையும் நம்பாதீர்கள். ஒரு விநாடிக்குள் 200 மில்லி விநாடி உறைந்து நின்றாலும் சராசரி 49 என்றே காட்டும். எண் நன்றாக இருக்கும், பிள்ளை தொட்ட எழுத்தோ தவறியிருக்கும்.

இனி, எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்க நான் முதலில் செய்வது மிக எளியது. கேன்வஸின் நீள அகலத்தைப் பாதியாக்கிவிடுவேன். புள்ளிகள் நான்கில் ஒன்றாகும். உடனே சரளமாக ஓடினால் சிக்கல் வரைவதில் இருக்கிறது. அப்போதும் திக்கினால் கணக்கிடுவதில், அதாவது நம் நிரலில் இருக்கிறது. பிறகுதான் குரோம் உலாவியின் செயல்திறன் பதிவைத் திறப்பேன். அதில் செயலியின் வேகத்தை நான்கு மடங்கு, ஆறு மடங்கு குறைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் அது வரைகலைச் சில்லின் வேகத்தைக் குறைப்பதில்லை. மலிவான கைப்பேசிக்கு அது மாற்றாகாது.

வரைவதில் சிக்கல் என்றால் பெரும்பாலும் திரையின் அடர்த்திதான் காரணம். அடர்த்தி 3 உள்ள கைப்பேசியில் முழுத் தெளிவோடு வரைந்தால் ஒன்பது மடங்குப் புள்ளிகள். பின்னணிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஞகரத்தின் சுழியும் ணகரத்தின் வளைவும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவே பின்னணிக்கு ஒரு கேன்வஸ், எழுத்துக்கு மேலே இன்னொரு கேன்வஸ் என்று பிரித்துவிடுங்கள். நிரலில் சிக்கல் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் புதிது புதிதாகப் பொருள்களை உருவாக்கி எறிந்துகொண்டிருப்பீர்கள். உலாவி அந்தக் குப்பையைக் கூட்டும்போதெல்லாம் விளையாட்டு ஒரு கணம் நிற்கும். 'செட் இன்டர்வல்' வைத்துப் படம் ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்' இருக்கும்போது அது வேண்டாத வேலை.

தமிழுக்கென்று தனிச் செலவே இல்லை என்று நான் வாதாடவில்லை. 'கொ' என்பது கணினிக்குள் இரண்டு குறியீடு. திரையில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக மூன்று வடிவம். இந்த இடமாற்றத்தை உலாவி செய்தாக வேண்டும். எழுத்துருக் கோப்பு வந்து சேர வேண்டும். ஓர் எழுத்து முதன்முதலில் தோன்றும்போது அதன் வடிவத்தைப் புள்ளிகளாக்கவும் சற்று நேரம் பிடிக்கும். எழுத்துகள் பல என்பதால் ஆட்டத்தின் தொடக்கத்தில் இந்தத் தடுமாற்றம் பலமுறை நிகழலாம். தமிழ்மேல் ஐயம் எழுவது இங்கேதான். ஆனால் மருந்து கையிலேயே இருக்கிறது. விளையாட்டு தொடங்குமுன், எழுத்துரு வந்ததும், எல்லா எழுத்துகளையும் ஒரே தாளில் ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தத் தாளிலிருந்து வெட்டி ஒட்டினால் போதும். பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டால் 256 இடம். 247 எழுத்தும் அடங்கி, ஒன்பது இடம் கிரந்தத்துக்கு மிஞ்சும். 'கௌ' வரிசை அகலம் கூடியது என்பதால் கட்டத்துக்கு 128 புள்ளி அகலமும் 64 உயரமும் கொடுங்கள். மொத்தம் 8 மெகாபைட் நினைவகம். 247 என்று மலைத்த எண்ணின் முழு விலை இவ்வளவுதான்!

முரசு அஞ்சல் வழியாக முத்து நெடுமாறன் போன்றோர் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்த நாடு இது. 2001இல் கோலாலம்பூரிலும் 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் இணைய மாநாடு நடந்தது. திரையில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் அவர்கள் தமிழை விட்டுவிட்டு வேறு வழி பார்க்கவில்லை. இன்று அந்தச் சுமையும் நமக்குக் குறைவு. 2023இல் வந்த கோடோ 4 பொறியிலேயே சிக்கலான எழுத்துமுறைகளைக் கோக்கும் வசதி சேர்ந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், அம்மாவின் ஒரே கைப்பேசியை அண்ணன் தங்கை மாறி மாறி வைத்துப் படித்த வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்தக் கைப்பேசியில் ஓடாத தமிழ் விளையாட்டு யாருக்காகச் செய்யப்பட்டது? வேகத்தையும் படக் கணக்கில் வைக்கக் கூடாது. 'ஒரு படத்துக்கு ஐந்து புள்ளி நகர்' என்று எழுதினால், விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையில் எழுத்து இரட்டை வேகத்தில் விழும். திணறும் கைப்பேசியில் ஊர்ந்து வரும். ஐபோனில் மின்சிக்கன நிலையைப் போட்டால் சஃபாரி 30க்கு இறக்கிவிடும். இப்படி ஒரு விளையாட்டை வைத்துப் பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தினால் மதிப்பெண் வாங்குவது பிள்ளையா, கைப்பேசியா? கடந்த நேரத்தை அளந்து நகர்த்துங்கள்.

சோதனையும் ஐந்து நிமிடத்தோடு முடியக் கூடாது. கைப்பேசி சூடேறியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறிக் கிள்ளான் சேரும்வரை விளையாடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதற்குக் கழக அறையில் இரண்டு மூன்று பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எப்போதும் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எந்த மாணவரும் கையெழுத்திட்டு எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டுத் திருப்பித் தரலாம். முன்னாள் மாணவர்கள் இதைப் படித்தால், அலமாரியில் கிடக்கும் கைப்பேசியைத் தயவுசெய்து மின்னூட்டியோடு கொடுத்துதவுங்கள். திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. மெதுவாக இருந்தால் மிகவும் நல்லது.