டிரான்ஸ்பரில் வந்த ஹைதர் அலி

திண்டுக்கல்லுக்கு டிரான்ஸ்பர் என்றால் சில பேருக்கு முகம் சுருங்கிவிடும். "அங்கே என்ன சார் இருக்கு? பூட்டும் பிரியாணியும்தானே!" என்பார்கள். வெயில், தண்ணீர்க் கஷ்டம் என்று பட்டியல் நீளும்.

அப்படி மூக்கால் அழுகிற அன்பர்களுக்கு ஒரு தகவல். 1755-ல் மைசூர் சமஸ்தானத்தில் ஓர் அதிகாரியை இதே ஊருக்குத்தான் ஃபௌஜ்தாராகப் போட்டார்கள். பெயர் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாது. (என்னை மாதிரி பி.காம். கூட இல்லை!) மனுஷர் சிபாரிசுக் கடிதம் தேடி ஓடவில்லை. பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதசாலை அமைத்தார். படையைப் பழக்கினார். ஆறே வருஷம். 1761-ல் மைசூர் ராஜ்யமே அவர் கையில்! பிரமோஷன் என்றால் இதுவல்லவா பிரமோஷன்!

அவருடைய 'ஆபீஸ்' இன்னும் இருக்கிறது. ஊருக்குள் எங்கே நின்று நிமிர்ந்து பார்த்தாலும் தெரியும். திண்டு மாதிரி ஒரு கல். அதனால்தான் ஊருக்கே அந்தப் பேர் என்பார்கள். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் அதன் மேல் கோட்டை எழும்பியது. திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். பிறகு மைசூர்க்காரர்கள். 1783-ல் வெள்ளைக்காரன் பிடித்தான்; 1784-ல் திருப்பிக் கொடுத்தான்; 1790-ல் மறுபடி பிடித்தான்; 1792-ல் ஒப்பந்தம் போட்டு ஒரேயடியாக எடுத்துக்கொண்டான். ஒரே ஆபீஸுக்கு இத்தனை மேனேஜர்கள்!

ஒரு நண்பனின் ஆபீஸில் டீ நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோரும் உள்ளூர். மைசூர் அரண்மனை பார்த்தவர்கள் பத்து. தாஜ்மகால் ஆறு. மலைக்கோட்டை ஏறியவர்கள் மூன்றே பேர். அதிலும் ஒருவரை ஸ்கூலில் வாத்தியார் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனாராம்.

என் சித்தப்பா பையன் டெக்சாஸில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். லீவில் வந்தவன் செல்போனில் போட்டோவாகக் காட்டினான். சான் அன்டோனியோ நகரத்தில் அலமோ என்று ஒரு பழைய கட்டடம். 1836-ல் மெக்சிகோ படை பதின்மூன்று நாள் முற்றுகை போட்டு, உள்ளேயிருந்து சண்டை போட்டவர்களை ஏறக்குறைய அத்தனை பேரையும் தீர்த்துவிட்டது. தோற்ற இடம் சார்! ஆனாலும் வருஷா வருஷம் லட்சக்கணக்கான ஜனம் போய்ப் பார்க்கிறது. 'அலமோவை மறக்காதே' என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

"டேய், நம்ம கோட்டை அதைவிட நூறு வருஷத்துக்கு மேலே மூத்ததுடா" என்றேன்.

"அப்படியாண்ணே? மேலே என்ன இருக்கு?" என்றான். பிறந்து வளர்ந்தது பேகம்பூர். ஹைதரின் தங்கச்சி பேகம் அங்கே அடக்கமானதால்தான் அந்தப் பேர் என்பதும் பையனுக்குப் புதுசு.

சரி, சிரித்தாயிற்று. இப்போது சிரிக்க முடியாத ஒரு விஷயம். 1772-ல் கணவரை வெள்ளைக்காரனிடம் பறிகொடுத்த வேலு நாச்சியார் இந்தப் பக்கம்தான் அடைக்கலம் தேடி வந்தார். இடம் கொடுத்தவர் விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கர். படை கொடுத்தவர் ஹைதர். எட்டு வருஷம் காத்திருந்து 1780-ல் சிவகங்கையை மீட்டார் ராணி. பிற்பாடு கோபால நாயக்கர் திண்டுக்கல் பக்கத்துப் பாளையக்காரர்களைத் திரட்டி வெள்ளைக்காரனை எதிர்த்தார். 1801-ல் இதே ஊரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். கோபாலசமுத்திரம் குளம் அவர் பேரால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நமக்கோ அது ஷேர் ஆட்டோக்காரர் கத்துகிற ஒரு ஸ்டாப்பிங். அவ்வளவுதான்.

மேலே ஏறினால் ஆயுதம் வைத்த அறைகள், சிறை, சாமி இல்லாத கோயில். சுவரெல்லாம் பெயர்கள். கோபால நாயக்கர் பேர் அல்ல. ரமேஷ், பிரியா, நடுவில் அம்பு துளைத்த இதயம்! பி.காம்.மில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. சொத்து பழசாகப் பழசாக மதிப்பைக் குறைத்து எழுதுவோம். கோட்டை பழசாவதால் மதிப்பு குறையவில்லை. ரமேஷ்களால் குறைகிறது. ஏறிப் பார்க்காத நம்மாலும்தான்.

ஆகவே வாலிப அன்பர்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருங்கள். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்லாகிவிடும்; சீக்கிரம் கிளம்புங்கள். கையில் தண்ணீர் பாட்டில் முக்கியம். ஆணி, சாவி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தொல்லியல் துறை டிக்கெட்டுக்கு அரை பிளேட் பிரியாணி விலைகூட ஆகாது. மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, சுற்றிலும் சமவெளி. எந்தத் திசையில் படை வந்தாலும் தெரியும். ஹைதர் ஏன் முகம் சுருங்கவில்லை என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

கூட ஒரு பொடியனையும் அழைத்துப் போங்கள். கோபாலசமுத்திரம் யார் பேர் என்று அவனுக்குச் சொல்லுங்கள். டிரான்ஸ்பர் ஆர்டரை, இறங்கி வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நிதானமாகத் திட்டிக்கொள்ளலாம்.