எல்லைக்கு ஒரு போன்

பட்டாளத்துக்காரர் வீட்டு வாசலில் ராத்திரி ஒரு பைக் நின்றால் போதும், வண்டி நம்பர் தெருவுக்கே மனப்பாடம் ஆகிவிடும். மற்ற வீடுகளுக்கு இத்தனை காவல் கிடையாது.

உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். காபியை ஆற விட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: “சித்தி, என் கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொல்லிடட்டுமா?” கொழுந்தன் ராணுவத்தில் ஹவில்தார். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு ஏரியாவில் இருக்கிறார். ஓர்ப்படி பிள்ளைகளோடு ஊரில்.

“நீ என்னடி பார்த்தே?” என்றேன். ஓர்ப்படி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தனோடு பேசிக்கொண்டு நின்றாளாம். அதே ஆள் இரண்டு தடவை வீட்டுக்கும் வந்தானாம். மீதியெல்லாம் மளிகைக்கடையில் சொன்னது.

ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. ஆனால், நினைத்த நேரத்தில் கிளம்பிவிட முடியாது. யூனிட் விட்டால்தான் வரலாம். இந்தச் செய்தியைக் காதில் வாங்கியவர் அன்றைக்கு ராத்திரியும் துப்பாக்கியோடு சென்ட்ரி நிற்க வேண்டும். படைவீரர்களின் தற்கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்களில் குடும்பப் பிரச்சினையும் ஒன்று. போனை வைத்ததும் சொன்னவளுக்குப் பாரம் குறையும், கேட்டவருக்கு?

“அப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?” என்றாள் கோபமாக. இல்லை. முதலில் ஓர்ப்படியிடமே போய், பார்த்ததை மட்டும் முகத்துக்கு நேரே கேள் என்றேன். வீட்டுக்காரர் அனுப்பும் பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை, பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள், அடி வாங்குகிறார்கள் என்றால் சும்மா இருக்கக் கூடாது. அதையும் அவர் லீவில் வந்த பிறகு, கண்ணால் பார்த்தவர் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். மொட்டைக் கடுதாசியும் வேண்டாம். அதை எழுதுகிறவருக்கு உண்மையைப் பற்றிய அக்கறை இல்லை. இருந்தால் கீழே பெயர் போட்டிருப்பார்.

அவள் போய்க் கேட்டாள். என்ன பதில் வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

என்னை உறுத்துவது வேறு. போஸ்டிங் போன ஊரில் வீட்டுக்காரர் இன்னொரு குடும்பம் வைத்திருந்தால், கூட வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. ஒருத்தரும் போன் போட மாட்டார்கள். “நமக்கெதுக்கு வம்பு” என்பார்கள். பெண்டாட்டிக்கு ஊர் முழுக்கக் கண். புருஷனுக்கு ஊர் முழுக்க மௌனம்.

சட்டமும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 497-வது பிரிவில், அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்தவனுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை இருந்தது. தவறிய கணவன் மேல் அந்தப் பிரிவில் புகார் கொடுக்க மனைவிக்கு வழியே இருக்கவில்லை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஆனாலும், முப்படைகள் தங்கள் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அந்தத் தீர்ப்பு தடையில்லை என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அதனால் ராணுவத்தில் இது இன்றும் வெறும் வீட்டு விவகாரம் இல்லை. கைவிடப்பட்ட மனைவி கமாண்டிங் ஆபீசருக்கு நேரடியாக எழுதலாம். மனைவி, பிள்ளைகளின் ஜீவனாம்சத்தைச் சம்பளத்திலேயே பிடித்துத் தர 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புருஷன் எத்தனையோ மைல் தள்ளி என்ன செய்கிறார் என்று ஊரில் இருக்கும் மனைவிக்குத் தானாகத் தெரிய வழியில்லை. அவள் நேரில் வந்து, “அண்ணே, அங்கே என்ன நடக்குது?” என்று கேட்கும்போது, “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லும் நண்பர் நட்பைக் காப்பாற்றவில்லை, ஏமாற்றுக்குத் துணை போகிறார்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். பட்டாளத்துக்காரர் மனைவியைப் பற்றி எல்லைக்குப் போன் போடத் துடிக்கும் கை, முதலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டட்டும். ஏமாற்றப்பட்டவள் அவளாக இருந்தால், கமாண்டிங் ஆபீசருக்கு மனு எழுத அதே கை உதவட்டும்.