ஜலதோஷத்துக்கு விடுப்பா?

"28 ஆண்டுப் பணியில் ஜலதோஷம் என்று ஒரு நாளும் விடுப்பு எடுத்தவனல்லன்" என்று தில்லி நண்பரொருவர் தம் பணி ஓய்வு விழாவில் பெருமிதத்துடன் கூறினார். அவையோர் கைதட்டினர், நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் அதற்காக நாணினேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதக் குளிரில், மூக்கும் கண்ணும் ஒழுக நான் அலுவலகம் சென்றதுண்டு. அவசரக் கோப்பு ஒன்று காத்திருந்தது. அடுத்த மேசைக்காரர் ஆஸ்துமா உடையவர். மூன்றாம் நாள் அவர் தும்மினார். மறுவாரம் மூச்சிரைப்பு முற்றி மருத்துவமனையில் கிடந்தார். என்னிடமிருந்துதான் தொற்றியதென எவரும் கூறவில்லை, கூறவும் இயலாது. அந்த அவசரக் கோப்போ மேலும் பத்து நாள் அசையாமல் கிடந்தது!

ஜலதோஷத்தைத் தருவது குளிரன்று, தயிருமன்று, வைரஸ்களே. அவை இருநூறு வகைக்கும் மேற்பட்டவை. ரைனோவைரஸ் அவற்றுள் தலையாயது. இதனை ஆராய்வதற்கென்றே இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே 1946இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினர். தீர்க்கும் மருந்து மட்டும் கிட்டவில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. ஓய்வும் வெந்நீரும், நம் பாட்டிமார் சொன்ன ஆவி பிடித்தலுமே எஞ்சுகின்றன. பிறர்க்குப் பரவும் வேகமோ முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் மிகுதி. அந்நாட்களில் வீட்டில் இருப்பது சோம்பலாகுமா? 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் ஒருவர் இருமினால் மின்தூக்கியை விட்டு இறங்கியோடிய நாம், இத்துணை விரைவில் மறந்துவிட்டோமே!

மறுப்போர் கூறும் காரணம் ஒன்றுண்டு. அதனை நான் எள்ளமாட்டேன். மத்திய அரசு ஊழியருக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 8 நாள். பொங்கல், தந்தையின் திதி, தங்கை மகள் திருமணம் என ஊர் அழைத்துக்கொண்டே இருக்கிறது. போக வர ரயிலிலேயே நாட்கள் கழிகின்றன. இந்நிலையில் தும்மலுக்கு இரண்டு நாளைச் செலவிட யாருக்கு மனம் வரும்? ஈட்டிய விடுப்பையோ 300 நாள் வரை சேர்த்து, ஓய்வு பெறும்போது பணமாக்கலாம். எடுக்காதவனுக்குப் பரிசு!

தொழிலாளியின் நிலை இதனினும் கொடிது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1952இல் கான்பூரிலும் இத்தில்லியிலும்தான் முதன்முதல் செயற்பட்டது. பெரும் பேறுதான். ஆயினும் நோய்க்கால உதவித்தொகைக்கு முதல் இரண்டு நாட்களை அது பொதுவாகக் கணக்கில் கொள்ளவில்லை. ஜலதோஷக்காரன் படுக்க வேண்டியதோ அந்த இரண்டு நாள்தான். தேநீர் கொணரும் சிறுவனுக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் அதுவுமில்லை. விடுப்பு உடைய நாம் அதனைப் பூட்டி வைத்துக்கொண்டு, விடுப்பே இல்லாத அவர்களுக்கு நோயைக் கொண்டு கொடுக்கிறோம். இதற்குக் கடமையுணர்ச்சி என்று பெயர்!

நம் இல்லங்களிலும் அத்தகையார் ஒருவர் உளர். வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக நோயாளியைப் பேணுவோரையும் வைத்தார். நாம் தும்மினால் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைப்பவள் இல்லாள். அவள் தும்மினால்? மறுநாளும் ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்கிறாள். அவள் விண்ணப்பத்தை யாரிடம் நீட்டுவாள்? ஊரிலாயினும் மாமியோ நாத்தனாரோ கைகொடுப்பர். இங்கே இரண்டறைக் குடியிருப்பில் யார் உளர்?

சென்ற மார்கழியில் என் மனைவிக்குச் சளி பிடித்தபோது நான் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'மனைவிக்கு ஜலதோஷம்' என்றே எழுதினேன். மேலதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், பின் கையொப்பமிட்டார். அன்று நான் வைத்த ரசத்தில் உப்பு மிகுந்துவிட்டது. சளியில் அவளுக்குச் சுவை தெரியாமற்போனது என் நல்லூழ்.