ஆட்டுச் சந்தைக்கு ஏன் தராசு வேண்டும்?

பண்டிகை நெருங்கினால் 'சிறுவாச்சூர் சந்தையில் ஆடு விற்பனை அமோகம்' என்ற செய்தி மொபைலில் வந்துவிடும். எத்தனை கோடிக்கு வியாபாரம் என்பதுதான் தலைப்பு. ஆட்டை வளர்த்தவர் கைக்கு எவ்வளவு போனது? அதை யாரும் கேட்பதில்லை.

ஆடு ஏன் முக்கியம்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரி விவசாயம் அதிகம். மழை ஏமாற்றினால் கைகொடுப்பது ஆடுதான். ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி செலவு என்றால் ஒரு கிடாயைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வெள்ளாடுகள் மட்டும் கிட்டத்தட்ட 99 லட்சம். 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தலா 4 ஆடுகள் தரப்பட்டன.

விலை எப்படி முடிவாகிறது?

கிராமத்துச் சந்தைகளில் பெரும்பாலும் கண்ணாலும் கையாலும்தான். வியாபாரி முதுகை அழுத்துவார், தூக்கிப் பார்ப்பார், பல்லைப் பார்த்து வயசு சொல்வார். 'இத்தனை கிலோ கறி தேறும்' என்று மனசுக்குள் கணக்குப் போட்டு விலை கேட்பார். வாராவாரம் ஆடு தூக்கும் கைக்கு அந்தக் கணக்கு தப்பாது. வருஷத்துக்கு ரெண்டு ஆடு விற்பவருக்கு? கறி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ குறைத்து மதிப்பிட்டாலே ஆயிரத்துக்கு மேல் போச்சு. விற்காமல் திரும்பினால் மறுபடி வண்டி வாடகை. இது வியாபாரிக்கும் தெரியும்.

ஆப்பில் விற்றால் என்ன?

போட்டோவில் எடையும் தெரியாது, நோயும் தெரியாது. இன்றைக்கே காசு வேண்டும் என்பவருக்குச் சந்தைதான் வழி. பத்து வியாபாரிகள் ஒரே இடத்தில் போட்டி போடுவதும் அங்கேதான்.

அயர்லாந்தில் என்ன நடந்தது?

அங்கும் ஒரு காலத்தில் தெருவில் நின்றுதான் மாடு, ஆடு விற்றார்கள். நடுவில் தரகர். 1950-களில் இருந்து விவசாயக் கூட்டுறவுகள் பல ஊர்களில் ஏலக்கூடங்களைத் தொடங்கின. எல்லோர் முன்னாலும் விலை கேட்கும் முறை வந்தது. தெருச் சந்தைகள் பல மறைந்தன. பாலினஸ்லோ குதிரைச் சந்தை போன்ற சில இன்னும் நடக்கின்றன.

இங்கே என்ன செய்யலாம்?

சந்தையை மாற்ற வேண்டாம், நுழைவாயிலில் ஒரு எடை மேடை போதும். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிடும் கிடாயையும், வளர்ப்புக் குட்டியையும் நிறம், இனம் பார்த்துத்தான் வாங்குவார்கள். எடை மட்டும் விலை சொல்லாது என்பது உண்மை. ஆனால், எடை தெரிந்த பிறகும் பேரம் பேசலாமே!

வாரச்சந்தைகளில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சிகள் ஏலம் விட்டு வருமானம் பார்க்கின்றன. அதில் ஒரு பங்கு எடை மேடைக்கும், தண்ணீருக்கும், நிழலுக்கும், கால்நடை மருத்துவருக்கும் போகட்டும். சுங்கம் கட்டி ஆடு விற்பவர் கேட்க வேண்டிய குறைந்தபட்ச உரிமை அது.