ஆயாக் கொட்டகைக்கும் சட்டம் உண்டு



விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய காலத்தில் நம் பெண்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுத்தான் நிரைக்குப் போனார்கள். சீலைத் தொட்டில் வரிசையாகத் தொங்கும். ஓர் ஆயா எத்தனை பிள்ளையைப் பார்ப்பாள் என்று யாரும் கேட்டதில்லை.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாகிவிட்டன. நம்மவர்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பால்வெட்டுக்குப் போன தாயின் மகள் பேக்டரிக்கு ஷிப்டு போகிறாள். கைப்பிள்ளை மட்டும் பழையபடி யாரோ ஒருவர் வீட்டில்!

இதற்கு நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் இருக்கிறது. நாலு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நாலு பேரோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்திலிருந்து வந்து, காசு வாங்கிப் பார்த்துக்கொண்டால் அந்த இடம் 'தாஸ்கா'. அதைச் சமூக நல இலாகாவில் பதிந்தே ஆகவேண்டும். பத்துக்குக் குறைந்தால் வீட்டுத் தாஸ்கா. ஒரு வயசுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஓர் ஆள். ஒன்று முதல் மூன்று வயசு வரை ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆள். இது விதி.

"என்னா பெரிய சட்டம், பக்கத்து வீட்டு அக்காதானே!" என்பீர்கள். அக்கா நல்லவர்தான். ஆனால், ஏழு பிள்ளைகளில் ஒன்றுக்குப் பால் புரையேறினால் மற்ற ஆறையும் யார் பார்ப்பது? பதியாத இடம் அதிகாரி கண்ணில் படுவதே, பெரும்பாலும் ஏதாவது நடந்த பிறகுதான்.

அதற்காக அந்த அக்காவைக் காட்டிக்கொடுங்கள் என்று சொல்லவில்லை. அவரும் நேற்று மரம் வெட்டிய கைதான். பாரம் நிரப்ப, பயிற்சிக்குப் போக, வீட்டைத் திருத்த அவரிடம் காசு ஏது? பதியாதவருக்கு அபராதம் போடுவது சுலபம். பதிய வழிசெய்வதுதான் அரசாங்கத்தின் வேலை. பயிற்சிச் செலவை அரசாங்கம் ஏற்கட்டும். பாரம் நிரப்பச் சங்கக் கிளைகள் உதவட்டும்.

தோட்டத்தில் இன்னும் குடியிருப்போர் கவனிக்க: 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. துரை தருகிற தருமம் அல்ல அது. உங்கள் கொட்டகையின் நிலையைக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளையை விடுமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: பதிவுப் பத்திரம் எங்கே? எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள்? பயிற்சி எடுத்தவர் யார்? கேட்க வெட்கப்பட வேண்டாம். மாதாமாதம் வெள்ளி கொடுப்பவர் நீங்கள், பிள்ளை உங்களுடையது.